மூக்கக்காவின் அருவருப்பு

கூடத்திலிருந்து அவளுடைய குரல் கேட்டது. அவளோ உள்ளறையில், போர்வைக்குள் படுத்திருந்தாள்.

முதலில் கனவு என்றுதான் நினைத்தாள். காலையில் மருத்துவமனையில் ஏற்றிய மருந்தின் கிறுகிறுப்பு இன்னும் முழுவதும் இறங்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். அதே மின்விசிறி, அதன் நடுவில் அதே ஒட்டடை, ஜன்னலில் சாயங்கால வெயில். அறை அப்படியே இருந்தது. குரலும் நிற்கவில்லை. நாக்கு தடித்து, வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து விழுகிற குரல்.

"அண்ணி... சட்டை... அவர் சட்டை... காலர் நாறுது அண்ணி... குமட்டுது..."

பிறகு ஒரு சிரிப்பு. அதுவும் அவளுடையதுதான். அந்தச் சிரிப்பின் மேல் இன்னொரு சிரிப்பு ஏறி உட்கார்ந்தது. அது நாத்தனாருடையது.

"கேட்டியாடா தம்பி? உன் சட்டை நாறுதாம். உன்னை நெனச்சாக் குமட்டுதாம். நீ வண்டி ஓட்டி ஓட்டி முதுகு ஒடிஞ்சு கொண்டாந்து போட்டதுக்குக் கெடச்ச பட்டம். மருந்து உள்ள போனா பொய் வராதுடா. மனசுல என்ன இருக்கோ அதான் வரும்."

 கணவரின் நாற்காலி ஒரு தடவை முனகியது. அப்புறம் அவர் சொன்னது உள்ளறை வரை தெளிவாகக் கேட்டது.

"இன்னொரு தடவை போடுக்கா."

மறுபடியும் அதே குரல், அதே சிரிப்பு. மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி, கைப்பேசியில் முடிந்துகொண்டு வந்து, அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறார்கள். அதுவும் அவள் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டு.

இந்தப் பெண்ணை அவள் வேலை செய்யும் சலவைக் கடையில் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. மூக்கு ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. பார்த்தால் சாதாரணமான, கொஞ்சம் சப்பையான மூக்கு. அது செய்கிற வேலைதான் பெரிது.

பத்தொன்பது வயதில், கடையின் முன்பக்கம் துணி வாங்கி வைக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் ஒரு மனிதர் விலை உயர்ந்த கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "காப்பி கொட்டிடுச்சும்மா" என்று நீட்டினார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் கோணிக்கொண்டது. "இது காப்பி இல்லீங்க. இருமல் மருந்து. குடிச்சிட்டு வாந்தி எடுத்தது" என்றாள், பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்களே என்ற யோசனை கூட இல்லாமல். அந்த மனிதர் காது சிவக்க, கோட்டை அங்கேயே போட்டுவிட்டு வெளியேறினார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த முதலாளி அன்றே அவளைப் பின்கட்டுக்கு மாற்றினார்.

பின்கட்டில் இருந்தது கறை மேசை. எந்தத் துணியும் தண்ணீரைப் பார்க்கும் முன் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். என்ன கறை என்று தெரியாமல் எதையாவது ஊற்றினால், அது துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். ரத்தத்துக்கும் முட்டைக்கும் வெந்நீர் ஆகவே ஆகாது. சூடு பட்டதும் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். கொண்டு வருகிறவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவர் பொய் சொல்வார். தன் உடம்பிலிருந்து வந்ததை மனிதர்கள் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. குழந்தை மேல் போடுவார்கள், நாய் மேல் போடுவார்கள், எதுவும் கிடைக்காவிட்டால் காப்பி மேல் போடுவார்கள். அதனால் முதலில் மூக்கு, பிறகு விரல், கடைசியில்தான் தண்ணீர் என்பது அந்த மேசையின் சட்டம்.

அவள் வேலை செய்வதைப் பார்க்கக் கூட்டமே நிற்கும். துணியை இரண்டு விரலால் தூக்குவாள். முகர்வாள். உடனே "தூ" என்று பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, பார்த்தே இராத ஒரு மனிதனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். "மனுஷனா இவன்? இந்தப் போர்வையோடயே ஒரு வாரம் படுத்திருக்கான். பால், அது மேல முட்டை, அதுக்கு மேல கால் வேர்வை." பக்கத்தில் இஸ்திரி போடுகிற அக்கா பெட்டியை நிறுத்திவிட்டுச் சொல்வாள்: "அவனைத் திட்டாதடி. அவன் குளிச்சுச் சுத்தமா இருந்தா நாம ரெண்டு பேரும் எங்க போறது?"

அருவருப்புதான் அவளுக்குத் தொழில். தையல்காரருக்குக் கத்தரி எப்படியோ அப்படி. எவ்வளவு குமட்டுகிறதோ அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்த பிறகு, திட்டிக்கொண்டே, அந்தத் துணியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டி எடுப்பாள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில், அவர் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததுமே சட்டையைக் கழற்றச் சொல்வாள். காலரை மோந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள். "உங்க காலர்ல ஒரு பஸ்ஸே இருக்குங்க. டீசல், வேர்வை, பின்னாடி உக்காந்து வந்தவங்க தூக்கம் எல்லாம் இருக்கு. குமட்டுது" என்பாள். அவர் வேண்டுமென்றே காலரை அவள் மூக்குக்கு நேரே கொண்டுபோவார். அவள் ஓடுவாள், அவர் துரத்துவார். சினிமாவுக்கும் பூங்காவுக்கும் போகாத அந்த இரண்டு பேரும் கொஞ்சிக் குலாவியது இப்படித்தான். இருபது வருடங்களுக்கும் மேலாக, அவர் எவ்வளவு களைத்து வந்தாலும், அந்தக் காலர் வேடிக்கை ஒரு நாளும் தவறியதில்லை.

பிறகு அது நின்றுபோனது.

என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போன வருடம் என்று சொந்தக்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். அது அவர்கள் வசதிக்குச் சொன்ன காரணம். மகள் வாரம் தவறாமல் பேசினாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள். காரணம் என்று ஒன்று இருந்திருந்தால், அதையும் மேசையில் போட்டு மோந்து பார்த்து இன்னதென்று சொல்லியிருப்பாளே. இதற்கு வாடையே இல்லை. காலையில் எழுந்தால் உடம்பு ஈரத் துணி மூட்டையாகக் கனத்தது. தலை சீவவில்லை. தனக்குப் பிடித்த பாட்டு ஓடினால் அணைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற ஒரு நினைப்பு வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

கணவர் சட்டையைக் கழற்றி நீட்டுவார். அவள் வாங்கி வாளியில் போடுவாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அவர் சில நாள் காலரை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவள் நகரக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவரும் சட்டையைத் தானே வாளியில் போட ஆரம்பித்தார். வீட்டில் யாரோ இறந்துபோனது போலவும், யார் என்று மட்டும் தெரியாதது போலவும் அவருக்கு இருந்தது.

சொந்தக்காரர்களின் வைத்தியங்களைச் சொன்னால் படிப்பவருக்கே எரிச்சல் வரும். வெளியில போயிட்டு வா. நாலு பேரோட சிரிச்சுப் பேசு. எல்லாரையும் மிஞ்சியவர் நாத்தனார். வாரா வாரம் வந்து உட்கார்ந்து, முகப்பவுடர் வாசனை வீடெல்லாம் பரவ, "எனக்கில்லாத கஷ்டமா உனக்கு? நான் படுத்தேனா?" என்று கேட்பார். இவர் பாவம் படுக்க முடியாது. படுத்தால் ஊர்க்கதை யார் கேட்பது.

டாக்டரம்மா ஒருவரிடம் கணவர் அழைத்துப் போனார். மாத்திரை கொடுத்தார். ஒன்று வாயை உலர்த்தியது. அதை மாற்றிக் கொடுத்தது உடம்பைப் பெருக்க வைத்தது. மூன்றாவதாகக் கொடுத்தது எதுவுமே செய்யவில்லை. மாதக்கணக்கில் ஒவ்வொன்றையும் ஒழுங்காக விழுங்கினாள். மனம் அசையவில்லை.

இதற்கு நடுவில்தான் கடையில் அந்தச் சம்பவம் நடந்தது. தனியாக வாழ்ந்து தனியாகவே இறந்துபோன யாரோ ஒருவரின் படுக்கை விரிப்பு மூட்டையாக வந்தது. கட்டை அவிழ்த்ததும் பின்கட்டே காலியானது. இஸ்திரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடினாள். மூக்கக்கா மட்டும் அந்த விரிப்பை எடுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். துப்பவில்லை, திட்டவில்லை. பிறகு மெதுவாக நடந்து போய், ரத்தக் கறை மேல் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாள். அத்தனை வருடத்தில் அவள் செய்த முதல் தப்பு.

"என்ன பொறுமை பாரு இவளுக்கு" என்றார் முதலாளி, விஷயம் புரியாமல்.

திரும்பி வந்த இஸ்திரி அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "இது பொறுமை இல்ல முதலாளி. இவ மூக்கைச் சுளிக்கவே இல்ல. ஏ மூக்கு, உனக்கு நாறலையா?"

"நாறுது. ஆனா ஒண்ணும் பண்ணல" என்றாள் அவள்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் இதைத்தான் சொன்னாள். அழுகையைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ அவள் பேசவில்லை. "எனக்கு எதுவும் அருவருப்பா இல்ல டாக்டர். அது போயிடுச்சு. அது இல்லாம நான் யாருன்னே தெரியல."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் கெட்டமைன் என்ற வார்த்தை முதல் தடவையாக அவள் காதில் விழுந்தது.

"இது புது மருந்து இல்லம்மா. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கறதுக்கு ரொம்ப காலமா உபயோகிக்கறது. மிருக வைத்தியத்துலயும் இருக்கு. போதைக்காகத் தப்பா எடுத்துக்கறவங்களும் உண்டு. எதையும் நான் மறைக்கல. மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு, இதைக் குறைஞ்ச அளவுல ஏத்தினா சிலருக்கு அசையுது. எல்லாருக்கும் இல்ல. அசைஞ்சாலும் பாதியில விட்டா பழையபடி ஆகலாம். சொன்ன நாளெல்லாம் வரணும். மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. சம்மதமா?"

"வர்றேன்" என்றாள். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்கிற காலம் அது.

ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூட ஒருவர் வர வேண்டும். முடியும்வரை பக்கத்தில் இருந்து, வீடு வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அன்று முழுவதும் அவள் வண்டி ஓட்டக் கூடாது, மெஷின் பக்கம் போகக் கூடாது. கூட ஆள் இல்லையென்றால் மருந்து இல்லை. கணவருக்கு அந்த நாட்களில் எல்லாம் காலை வண்டி. மகள் இருப்பது தூரத்தில். நாத்தனார் தானாக முன்வந்தார். "நான் போறேன்டா. நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" கேட்டபோது பெரிய மனசாகத் தெரிந்தது.

அந்த அறையில் சாய்வு நாற்காலி ஒன்று, சுவரில் கடற்கரைப் படம் ஒன்று, மூலையில் தூசி படிந்த பிளாஸ்டிக் செடி ஒன்று. பக்கத்து முக்காலியில் வாந்திக்கு வளைந்த கிண்ணம். நர்ஸ் வந்து கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, நரம்பில் ஊசி குத்தி, சொட்டு மருந்தை மெதுவாகத் திறந்துவிட்டாள். முதல் நாளே நாத்தனாரிடம் தெளிவாகச் சொன்னாள்: "நீங்க பேசக் கூடாதும்மா. கேள்வி எதுவும் கேக்கக் கூடாது. போனை அணைச்சு வைங்க. இந்த நேரத்துல அவங்க கதவு திறந்து கிடக்கற வீடு மாதிரி. யாரும் உள்ள போயிடக் கூடாது."

நாத்தனார் தலையாட்டினார். அவர் ஆட்டாத தலையா.

முதல் இரண்டு தடவை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடம்பு கரைவது போல இருந்தது, கூரை தூரமாகப் போனது, முடிந்ததும் தலை சுற்றியது. இரண்டாவது தடவைக்கு மறுநாள் காலையில், யாரும் சொல்லாமலே தலை சீவிக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

இன்று மூன்றாவது தடவை. சொட்டு ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், கை எங்கே முடிகிறது, நாற்காலி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனது. பெரிய வாளியில் ஊறப் போட்ட துணியாகத் தன்னை உணர்ந்தாள். சாயமெல்லாம் பிரிந்து பிரிந்து தண்ணீரில் போகிறது. பயமாக இல்லை. அந்தத் தண்ணீருக்குள் எங்கிருந்தோ ஒரு காலர் மிதந்து வந்தது. டீசல். வேர்வை. யாரோ ஒருவரின் தூக்கம். அது நேராக மூக்கில் வந்து இடித்தது.

குமட்டியது.

எத்தனையோ காலத்துக்குப் பிறகு, வயிற்றின் அடியிலிருந்து, நிஜமாக, முழுசாக, குமட்டியது. தொலைந்துபோன பிள்ளை வாசலில் வந்து நின்று "அம்மா" என்று கூப்பிட்டால் ஒரு தாய் என்ன ஆவாளோ, அப்படி ஆனாள் அவள். சிரித்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழியச் சிரித்தாள்.

நர்ஸ் அடுத்த அறை நோயாளியைப் பார்க்கப் போயிருந்த நேரம் அது. நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அணைக்கச் சொன்ன கைப்பேசியை அவள் வாயருகே பிடித்து, தேன் தடவிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "சொல்லும்மா. மனசுல என்ன வெச்சிருக்கே? என் தம்பி மேல என்ன வெறுப்பு உனக்கு? அண்ணிதானே, சொல்லு."

தெருவில் விழுந்து கிடப்பவரின் சட்டைப் பையில் கை விடுகிறவனுக்காவது பசி என்று ஒரு சாக்கு இருக்கும்.

கூடத்தில் இரண்டாவது தடவையும் அந்தப் பதிவு ஓடி முடிந்தது.

"இதோட நிறுத்திடுடா" என்றார் நாத்தனார். "மாட்டுக்கும் குதிரைக்கும் போடற ஊசி. குடிகாரி மாதிரி ஒளறிட்டுக் கிடக்கா. நாளைக்கு வேற எங்கயாவது போய் நம்ம மானத்தை வாங்குவா. என் பெரிய மருமகளுக்கும் சின்னவளுக்கும் இதை அனுப்பிட்டேன். அவளுங்களும் அதையேதான் சொல்றாளுங்க."

"நிறுத்தறதா..." என்று இழுத்தார் கணவர்.

உள்ளறையில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலை ஒரு சுற்று சுற்றி நின்றது. பழைய மூக்கக்காவாக இருந்தால் இந்த நேரம் கூடத்தில் போய் நின்றிருப்பாள். நேற்று வரை இருந்தவளாக இருந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பாள். இப்போது இருந்தவள் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அடித்தொண்டையில் ஏதோ புளித்துக்கொண்டு வந்தது. தன் வாயிலிருந்து எடுத்ததைத் தன் வீட்டிலேயே பரப்பி வைத்திருக்கிறார்களே என்ற நினைப்பில், மேல் உதடு தானாகச் சுருண்டது. அந்தச் சுளிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிஜம்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

நாத்தனார் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "எழுந்திட்டியாம்மா? தேத்தண்ணி தரவா?"

"அண்ணி, நர்ஸ் என்ன சொல்லிச்சு உங்ககிட்ட?"

"என்னத்தைச் சொல்லிச்சு?"

"பேசாதீங்கன்னு சொல்லிச்சா இல்லையா?"

"உன் நல்லதுக்குத்தான் கேட்டேன். மனசுல இருக்கறது வெளியில வந்தாத்தானே குணமாகும். அதுக்குத்தானே அந்த ஊசி."

"அந்த ஊசி அதுக்கு இல்ல." அவள் சுவரை விட்டுவிட்டு நின்றாள். "கடைக்கு எத்தனையோ அசிங்கம் வரும் அண்ணி. பேர் சொல்ல முடியாத கறையெல்லாம் வரும். எல்லாத்தையும் இந்த மூக்கால மோந்திருக்கேன். ஆனா ஒருத்தி மயங்கிக் கிடக்கும்போது அவ வாய்க்குள்ள கையை விட்டு எடுத்துட்டுப் போய் மருமகளுங்களுக்குப் பங்கு வெச்ச அசிங்கத்தை இப்பத்தான் பாக்கறேன். குமட்டுது. இப்ப நான் மயக்கத்துல இல்ல. வேணும்னா இதையும் பிடிச்சுக்கங்க."

நாத்தனாரின் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. "பாத்தியாடா, என்னைப் பேசறதை? அப்ப உன் சட்டை நாறுதுன்னா, இப்ப நான் நாறுறேங்கறா."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் கேட்டீங்க. போதும்னு சொல்லல. இன்னொரு தடவை போடச் சொன்னீங்க."

"ஆமா" என்றார்.

"எதுக்கு?"

 பேருந்தில் நூறு பேரை ஏற்றிக்கொண்டு நெரிசலில் நுழைகிற மனிதர், சொந்தக் கூடத்தில் வழி தெரியாமல் நின்றார். சட்டைக் காலரைத் தொட்டார். விட்டார்.

"காலர் நாறுதுன்னு சொன்னே" என்றார் கடைசியில். "எவ்வளவு நாளாச்சு நீ அதைச் சொல்லி. அப்புறம் சிரிச்சே. அதைக் கேக்கத்தான்."

 அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் அருவருப்பும் கூடவே நின்றது. ஒன்று வந்தால் இன்னொன்று போய்விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"என்கிட்டயே கேட்டிருந்தா உங்க மூஞ்சி மேலயே சிரிச்சிருப்பேன்" என்றாள். "கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து திருடிக் கேட்டிருக்கீங்க. இதை நான் லேசுல மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம்" என்றார். அக்காவின் பக்கம் கையை நீட்டினார். "போனைக் குடுக்கா."

"எதுக்குடா?"

"குடு."

அவர் அந்தப் பதிவைத் தேடி அழித்தார். தடித்த விரல்கள், இரண்டு மூன்று தடவை தப்பான இடத்தைத் தொட்டன.

"இங்க அழிச்சு என்னங்க பிரயோஜனம்?" என்றாள் மூக்கக்கா. "ரெண்டு வீட்டுக்குப் போயிடுச்சு. வெந்நீர் ஊத்தின ரத்தக் கறை. இனிமே அது போகாது. அந்தத் துணியோடதான் நான் இருந்தாகணும்."

நாத்தனார் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினார். போகிற போக்கில் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "சரிம்மா. நான் அசிங்கம். வர்ற வியாழக்கிழமை உன்கூட யாரு வருவா? கூட ஆள் இல்லேன்னா உள்ளயே விட மாட்டாங்க, ஞாபகம் இருக்கில்ல? இவனுக்குக் காலை வண்டி. போய் அந்தக் கடற்கரைப் படத்தைப் பாத்துட்டுத் திரும்பி வா."

அது உண்மை. அந்த உண்மையில்தான் அவ்வளவு விஷம். பாதியில் விட்டால் பழையபடி ஆகலாம் என்று டாக்டரம்மா சொன்னது மூக்கக்காவின் காதில் ஒலித்தது. பழையபடி. ஈரத் துணி மூட்டை. வாடையே இல்லாத காலை நேரங்கள். இந்த ஒருத்தியிடம் "இருங்க அண்ணி, கோவத்துல சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாழக்கிழமை நிச்சயம். அவள் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தையை நாக்கு தொட்டதுமே குமட்டியது.

திறந்த வாயை மூடிக்கொண்டு, தன் கைப்பேசியை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினாள். மனம் சோர்ந்துபோன இத்தனை காலத்தில் அவளாக யாரையும் கூப்பிட்டதில்லை. ஒரு உதவி கேட்பதற்கு வேண்டிய பலம் கூட அவளிடம் இருந்ததில்லை.

மறுமுனையில் நீராவி சீறுகிற சத்தத்தோடு இஸ்திரி அக்காவின் குரல் வந்தது. "ஏ மூக்கு. நீயா? என்னடி, கை தெரியாம பட்டுடுச்சா?"

"அக்கா, வியாழக்கிழமை காலையில என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். வந்து சும்மா பக்கத்துல உக்காரணும். நான் எதை ஒளறினாலும் காதுல வாங்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேசாமயா?" அந்தப் பக்கம் யோசனை ஓடியது. "நான் தூங்கும்போதே பேசுவேன்டி. ஒண்ணு பண்றேன், வாயில துணியை வெச்சுக்கறேன். நல்லாத் தொவைச்ச துணியாக் குடு. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆமா, குரல்ல என்னடி, யாரையோ திட்டிட்டு வந்த மாதிரி இருக்கு?"

"ஆமாக்கா."

"நல்லாத் திட்டினியா?"

"நல்லாத் திட்டினேன்."

"ரொம்ப நாளாச்சு" என்றாள் இஸ்திரி அக்கா.  "வெச்சிடறேன். இங்க ஒரு சட்டை கருகுது."

 நாத்தனார் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். எவ்வளவு சண்டை வந்தாலும், அக்கா கிளம்பினால் பேருந்து நிறுத்தம் வரை தம்பி கூடவே போவது அந்த வீட்டில் எழுதாத சட்டம். அவர் திரும்பிப் பார்த்தார். "வாடா, போலாம்."

கணவர் எழுந்து வாசல் வரை நடந்தார். அவருடைய செருப்பு சுவரோரம் கிடந்தது. அதில் அவர் காலை நுழைக்கவில்லை.

"பாத்துப் போக்கா" என்றார்.

நாத்தனார் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி படியிறங்கினார். மூக்கக்கா இருந்த இடத்திலேயே நின்று தன் கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய காலர் பின்பக்கம் கறுத்திருந்தது. அங்கிருந்தே அவளுக்கு அது நாறியது.

அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.